எல்லைக்கல்லை நகர்த்திய கதை

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். சி என்று ஒரு டிரைவ், டி என்று ஒரு டிரைவ் இருக்கும். சிலர் வீட்டில் ஈ, எஃப் வரை போகும். இவையெல்லாம் தனித்தனிப் பெட்டிகள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டை நகர்த்தப் போய் நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். படித்து முடித்ததும் உங்களுக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2012 நவம்பர். தமிழ்நாட்டில் அந்த வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை தாண்டி, காட்டுக்கு நடுவே மலைப்பாதையில் வளைந்து வளைந்து போனால் அஞ்செட்டி. இன்னும் போனால் நாட்றாம்பாளையம், அதற்கும் அப்பால் ஒகேனக்கல். என் சித்தப்பா மகன் அஞ்செட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். பேர்தான் ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன், மொபைலுக்குப் பாட்டு ஏற்றுவது என்று எல்லாம் நடக்கும். தமிழில் வருகிறவருக்குத் தமிழ், கன்னடத்தில் வருகிறவருக்குக் கன்னடம், தெலுங்குக்குத் தெலுங்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

ஒரு நாள் காலையில் போன் பண்ணினான்.

"அண்ணா, சி டிரைவ் செவப்பா காட்டுது. டி-ல எடம் சும்மா கெடக்குது. அதுல கொஞ்சம் வெட்டி இதுல ஒட்டித் தர முடியுமா?"

வெட்டி ஒட்டுவது. துணிக்கடைக்காரர் மாதிரி எவ்வளவு சுலபமாகக் கேட்டான் பாருங்கள். நானும் அதே சுலபத்தோடு, "ஞாயித்துக்கெழம வர்றேன்டா, அரை மணி நேர வேல" என்றேன். கம்ப்யூட்டர் துறையில் அரை மணி நேர வேலை என்று எவராவது சொன்னால் நீங்கள் உடனே சாப்பாடு கட்டிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

மேற்கொண்டு போவதற்கு முன்னால் அந்தக் கோடு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பழைய ஏற்பாட்டில், ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட் ஒரு தனிப் பக்கம். அதற்குள் வெறும் 64 பைட்டில் ஓர் அட்டவணை. நாலு வரி, வரிக்கு 16 பைட். 'முதல் பங்கு இங்கே ஆரம்பித்து இவ்வளவு தூரம், இரண்டாவது பங்கு அங்கே ஆரம்பித்து இவ்வளவு தூரம்' என்பதுதான் அதில் இருக்கும் சங்கதி. ஐ.பி.எம். பி.சி.க்குள் ஹார்ட் டிஸ்க் வந்த 1983-ம் வருஷத்து ஏற்பாடு. 64 பைட் என்பது எவ்வளவு சின்னது தெரியுமா? யூனிகோடில் உங்கள் பேரையும் அப்பா பேரையும் ஊர்ப் பேரையும் சேர்த்து எழுதினால் இடம் தீர்ந்துபோகும். உங்கள் கல்யாண போட்டோ, குழந்தையின் முதல் பிறந்தநாள், வீட்டுக்கடன் பத்திரம் எல்லாம் இந்த 64 பைட்டை நம்பித்தான் உட்கார்ந்திருந்தன. புது கம்ப்யூட்டர்களில் ஜி.பி.டி. என்று வேறு முறை வந்துவிட்டது. அதில் வழக்கமாக 128 வரி உண்டு. டிஸ்க்கின் கடைசியில் அட்டவணைக்கு ஒரு நகலும் உண்டு. ஆனால் தத்துவம் அதேதான். அட்டவணை வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

அஞ்செட்டிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது பக்கத்துக் கொள்ளேகால் மைசூர் பக்கம் போனது. இந்தப் பக்கம் இங்கேயே நின்றது. அப்போது சேலம் ஜில்லா. 1965-ல் தர்மபுரி ஜில்லா என்றார்கள். 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றார்கள். முன்பு தேன்கனிக்கோட்டைத் தாலுகா, இப்போது அஞ்செட்டியே ஒரு தாலுகா. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. அதே குன்று, அதே ராகிக் கொல்லை. மாறியது எல்லாம் எங்கேயோ ஓர் ஆபீஸில் இருக்கும் அட்டவணை. இந்த மாதிரிப் பிரிவினை கம்ப்யூட்டரிலும் சுலபம்தான். அட்டவணையில் ஒரு வரி மாற்றினால் ஆயிற்று.

என் தம்பி கேட்டது இந்த ரகம் இல்லை.

ஒரு நீள நிலத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேற்கே அண்ணன் பாகம், அதுதான் சி. கிழக்கே தம்பி பாகம், அதுதான் டி. அண்ணனுக்கு இடம் போதவில்லை. தம்பியிடம் தாராளமாக இருக்கிறது. தம்பி நல்லவன், விட்டுக்கொடுக்கத் தயார். ஆனால் அவனுடைய காலி இடம் கிழக்குக் கோடியில் கிடக்கிறது. அதைக் கொடுத்து அண்ணனுக்கு என்ன லாபம்? நடுவில் தம்பி வீடு நிற்கிறதே! அண்ணனுக்கு ஒட்டினாற்போல் இடம் வேண்டுமானால் தம்பியின் வீடு, கிணறு, மாட்டுக்கொட்டகை எல்லாவற்றையும் பெயர்த்துக் கிழக்கே தள்ளி வைக்க வேண்டும்.

விண்டோஸுக்குள்ளேயே பாகம் பிரிக்கிற வசதி ஒன்று இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று பேர். விஸ்டா காலத்திலிருந்து அதில் 'சுருக்கு', 'நீட்டு' என்ற இரண்டு பொத்தானும் உண்டு. டி-யைச் சுருக்கினேன். சுருங்கியது. சந்தோஷமாக சி-யை நீட்டப் போனேன். நீட்டு என்ற எழுத்து மங்கிப்போய் அழுத்த முடியாமல் கிடந்தது. காலி இடம் கிழக்குக் கோடியில் அல்லவா விழுந்தது! விண்டோஸ் தன் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டும்தான் சேர்த்துக்கொள்ளும். தம்பி வீட்டைப் பெயர்க்கிற வேலையை அது தொடவே தொடாது. அது தொடாத வேலையை நாம் ஏன் தொட வேண்டும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தோன்றவில்லை. இலவச மென்பொருள் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். படத்தில் கோட்டைப் பிடித்து இழுத்தால் போதும், டி-யில் இருக்கும் அத்தனையையும் அதுவே அள்ளித் தள்ளி வைத்துவிடும். டி-யில் கிட்டத்தட்ட 140 ஜிபி சரக்கு. கடையில் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கடைய மூடாமலே பண்ண முடியாதாண்ணா? சந்தை நாளு" என்றான் தம்பி.

மென்பொருள் என்னைவிட புத்திசாலி. 'டி டிரைவ் உபயோகத்தில் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்னால் செய்கிறேன்' என்றது.

ஏன் அப்படிக் கேட்கிறது என்பது சுவாரசியமான விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே அந்த அட்டவணையை ஒரு முறை படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. அப்புறம் நாள் முழுக்க அந்த நினைவை வைத்துத்தான் நடமாடும். நடுவில் நீங்கள் டிஸ்க்கில் கோட்டை மாற்றினால் அதற்குத் தெரியாது. பழைய இடத்திலேயே போய் எழுதும். லினக்ஸ் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடும்: 'டிஸ்க் உபயோகத்தில் இருக்கிறது. நான் பழைய அட்டவணையைத்தான் வைத்திருக்கிறேன். அடுத்த முறை எழும்போது புதிதைப் பார்த்துக்கொள்கிறேன்.'

அஞ்செட்டி, ஜவளகிரி காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இப்படிப் பழைய அட்டவணையோடு நடமாடும் ஒரு ஜீவனை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் ராகி முற்றுகிற பருவத்தில் கர்நாடகத்தின் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைகள் இறங்கி வரும். அவற்றின் தலைக்குள் இருப்பது பாட்டி யானை சொல்லிக்கொடுத்த பாதை. நடுவில் நாம் லேஅவுட் போட்டுவிட்டோம், தார் ரோடு போட்டுவிட்டோம், கம்பெனி கட்டிவிட்டோம். யானைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அது பழைய அட்டவணைப்படி நடக்கிறது. கம்ப்யூட்டரையாவது ரீஸ்டார்ட் செய்யலாம். பிறகு 2014-லும் 2022-லும் இந்தக் காடுகளைக் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று சரணாலயங்களாக அறிவித்தார்கள். அதுவும் ஓர் அட்டவணை மாற்றம்தான். இந்த முறை யானைக்கு அனுகூலமாக.

கடைக்கு வருகிறேன். ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரையில் நகர்த்தும் வேலை ஆரம்பித்தது. மீதம் இரண்டரை மணி நேரம் என்றது. என் கணக்கு இதுதான்: அந்த நேரத்தில் கரண்ட் போகாது, அட்டவணைப்படி மத்தியானத்துக்கு மேல்தான் போகும். மறுபடியும் அட்டவணை, பாருங்கள்! கடையில் ஒரு யூ.பி.எஸ். இருந்தது. பத்து நிமிஷம் தாங்கும். என் ஓசூர் வீட்டில், மேஜை இழுப்பறையில், உறைகூடப் பிரிக்காத 500 ஜிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று இருந்தது. அதை எடுத்து வந்து முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அரை மணி நேர வேலைக்கு எதற்கு என்று நினைத்தேன்.

முப்பத்தெட்டு சதவிகிதத்தில் கரண்ட் போயிற்று. காட்டுக்குள் கம்பி மேல் மரக்கிளை விழுந்ததாம். யூ.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தியது. அந்தப் பத்து நிமிஷமும் நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பத்தொன்றில் அணைந்தது.

தம்பி வீட்டைப் பெயர்க்கும்போது பாதியில் விட்டுவிட்டு ஆட்கள் ஓடிப்போனால் எப்படி இருக்கும்? கொஞ்சம் புது இடத்தில், கொஞ்சம் பழைய இடத்தில். அதுதான் நடந்தது. கரண்ட் வந்ததும் விண்டோஸ் எழுந்தது. சி பத்திரமாக இருந்தது. டி-யைத் தொட்டால், 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?' என்று மரியாதையாகக் கேட்டது. இந்தக் கேள்வி உங்களுக்கு எப்போதாவது வந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்த டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதாமல் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வயதான அம்மா வந்தார். தம்பி 'அஜ்ஜி' என்று கூப்பிட்டான். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். ஒரு மாதத்துக்கு முன்னால் ஹைவேஸில் பைக் விபத்தில் போய்விட்டான். வேலைக்கு அப்ளிகேஷன் போடுவதற்காக இந்தக் கடையில்தான் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தானாம். எட்டு காப்பி. எட்டும் ஒவ்வொரு கம்பெனி ஃபைலுக்குள் போய்விட்டது. வீட்டில் ஒன்றுகூட இல்லை.

"பெருசா ஒண்ணு போட்டுத் தா சாமி. செவுத்துல மாட்டணும்" என்றார். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டி, "இதுல இருக்கான் இல்ல?" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க அஜ்ஜி. கரண்ட் இல்ல" என்றான். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று இரவே அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஓசூருக்கு எடுத்து வந்தேன். கிறிஸ்டோஃப் கிரெனியர் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்று இரண்டு மென்பொருள்களை எழுதி உலகத்துக்கு இலவசமாகவே கொடுத்திருக்கிறார். தொலைந்துபோன அட்டவணையைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி எழுதுவது டெஸ்ட்டிஸ்க்கின் வேலை. வெறும் கோடு மட்டும் அழிந்திருந்தால் அது போதும். எங்கள் விஷயத்தில் சரக்கே இடம் மாறிவிட்டதால் அதனால் உபயோகம் இல்லை. ஃபோட்டோரெக் வேறு மாதிரி. அது அட்டவணையை நம்புவதே இல்லை. டிஸ்க்கின் முதல் அங்குலத்திலிருந்து கடைசி வரைக்கும் நடந்தே போய்ப் பார்க்கும். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற குறியோடுதான் தொடங்கும். அந்தக் குறி கண்ணில் பட்டால், 'இங்கே ஒரு படம் இருக்கிறது' என்று அள்ளி வெளியே போடும். வெளியே என்றால் வேறு டிஸ்க்கில். இழுப்பறையில் தூங்கிய 500 ஜிபி அன்றைக்குத்தான் உறை பிரிந்தது.

ராத்திரி முழுக்க ஓடி, மறுநாளும் ஓடி, இருபதாயிரத்துச் சொச்சம் படங்கள் வந்தன. எனக்குக் கண்ணீர் வராத குறை. அப்புறம்தான் கவனித்தேன். ஒன்றுக்கும் பேர் இல்லை. கோப்பின் பேர் கோப்புக்குள் இருப்பதில்லை. அதுவும் ஓர் அட்டவணையில்தான் இருக்கிறது. எல்லாப் படத்துக்கும் ஓர் 'எஃப்', பின்னால் ஒரு நம்பர். யார் யாரோ சிரிக்கிறார்கள், முறைக்கிறார்கள், கண் சிமிட்டுகிறார்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது.

தம்பிக்குத் தெரியும். ஓசூருக்கு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். "இது பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் பொண்ணு. இவரு வாத்தியாரு. இது மலைமேல ஊரு, ரேஷன் கார்டுக்கு எடுத்தது. இவங்க போன வருஷமே தவறிட்டாங்க." நாலு நாள் ராத்திரி. கம்ப்யூட்டர் மறந்த பேரையெல்லாம் அவன் ஒருத்தன் தலையிலிருந்து எடுத்து எழுதினான். நான் டைப் அடித்தேன். பேக்கப் என்று நாங்கள் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் ராத்திரி அஜ்ஜியின் மகன் வந்தான். நீலப் பின்னணி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நெற்றி, கண், மீசை, மோவாய் வரைக்கும் துல்லியமாக இருந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். படத்தின் மேல் பாதி ஓரிடத்தில், கீழ்ப் பாதி வேறிடத்தில். நாற்பத்தொரு சதவிகிதக் கோடு அவன் கழுத்து வழியாகப் போயிருந்தது.

தம்பி வேறு ஒருவருடைய சட்டையை ஒட்டலாமா என்று கேட்டான். கடைகளில் கோட்டு சூட்டு ஒட்டுவது வழக்கம்தானே. எனக்கு மனசு வரவில்லை. மோவாயோடு நிறுத்தி, ஓரம் மங்கலாக்கிப் பெரிதாகப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை அஜ்ஜி வந்து வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"புதுச் சட்ட போட்டுட்டு வந்தான் அன்னிக்கு. அது விழலியா?" என்றார்.

"மெஷின்ல விழல அஜ்ஜி" என்றான் தம்பி. நான் ஏதோ வேலை இருப்பது போல் வெளியே போய் நின்றுகொண்டேன். காசு வாங்க மறுத்தான் தம்பி. அவர் விடவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

இதில் வயிற்றெரிச்சலான சங்கதி ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு அந்த சி டிரைவில் என்னதான் நிரம்பியிருந்தது என்று நிதானமாகப் பார்த்தேன். டெஸ்க்டாப்பில் வாடிக்கையாளர் ஸ்கேன்கள் மலை மாதிரி. டெஸ்க்டாப் என்பது சி-க்குள்தான் இருக்கிறது என்பது தம்பிக்குத் தெரியாது. ஹைபர்னேட் செய்வதற்காக விண்டோஸ் ஒதுக்கிவைத்த பெரிய கோப்பு ஒன்று. அந்தக் கடையில் யாரும் ஹைபர்னேட் செய்ததே இல்லை. தற்காலிகக் கோப்புகள் மூட்டை மூட்டையாக. கூட்டிப் பெருக்கியிருந்தால் ஒரு கோட்டையும் தொடாமல் இருபது ஜிபி கிடைத்திருக்கும். நிலம் போதவில்லை என்று வழக்குக்குப் போனவன் வீட்டில் பாதி இடத்தைப் பழைய மூட்டை அடைத்துக்கொண்டிருந்த கதை.

சரி, உங்களுக்காகச் சில வார்த்தைகள். சி, டி என்று பிரிப்பது நம் ஊர் அசெம்பிள் கடைக்காரர்கள் பழக்கிவிட்ட பழக்கம். வைரஸ் வந்தால் சி-யை அழித்துவிட்டு விண்டோஸ் போடலாம், டி தப்பிக்கும் என்பது அவர்கள் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹார்ட் டிஸ்க்கே போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும். டி என்பது காப்பி இல்லை. இப்போதெல்லாம் ஒரே பாகமாக வைத்துக்கொண்டு ஃபோல்டர் போட்டுப் பிரித்துக்கொள்வதே மேல்.

கோட்டைத் தொட்டே ஆக வேண்டுமா? பாகத்தைக் கிழக்கே நீட்டுவது, அங்கே இடம் காலியாக இருந்தால், சுலபம். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் கம்ப்யூட்டர் ஓடும்போதே நீட்டலாம். பெரிய சர்வர்களில் தினமும் நடக்கிறது. சுருக்குவது கஷ்டம். எக்ஸ்ட்4-ஐச் சுருக்க வேண்டுமானால் அதை உபயோகத்திலிருந்து முழுக்க விடுவித்தாக வேண்டும். எல்லாவற்றிலும் ஆபத்து, பாகத்தின் தொடக்கத்தை நகர்த்துவது. நான் செய்தது அதுதான். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்கட்டும், பேட்டரி நிறைந்திருக்கட்டும். கடை என்றால் ஷட்டரை இறக்கிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வேறொரு டிஸ்க்கில் ஒரு காப்பி. காப்பி எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பாருங்கள், திறக்கிறதா என்று.

தம்பியின் கடை இன்னும் இருக்கிறது. மேஜைக்கு மேலே ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க், வீட்டில் இன்னொன்று. ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் இரண்டையும் மாற்றிவைக்கிறான். அந்த டிஸ்க்கில் 'அஜ்ஜி' என்று ஒரு ஃபோல்டர், உள்ளே ஒரே ஒரு படம். பாதி முகம், பாதி சாம்பல். "அதை ஏன்டா இன்னும் வெச்சிருக்கே? பிரிண்ட்தான் கொடுத்தாச்சே" என்று ஒரு முறை கேட்டேன்.

"செவுத்துல மாட்டுன போட்டோ ஈரம் பட்டா வெளுத்துப்போயிடும்ணா. திரும்ப வருவாங்க" என்றான்.

கடைசியில் ஒரு வேலை சொல்கிறேன் என்றேன் அல்லவா? உங்கள் வீட்டில் யாரோ ஒருவருடைய போட்டோ ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கும். பழைய கம்ப்யூட்டரில், பழைய போனில், எங்கேயோ ஒரு ஸ்டுடியோவில். அது யாருடையது என்று இப்போதே உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அதை இன்னோர் இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். அரை மணி நேர வேலைதான். இந்த முறை நிஜமாகவே.